கூரைக்கு அடியில் தொங்கிய மழை

போன வாரத் தொடரில் கங்காணி வீட்டுக் கல்யாணப் பந்தியில் உங்களை உட்கார வைத்துவிட்டு வந்தேன். இலை போட்டாயிற்று, சோறு இன்னும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டு முன்னறையில் நின்றுகொண்டு ஒரு பெண்பிள்ளை சொன்னாள், "அம்மாச்சி, உங்க கைய செவுத்துல வைங்க."

வைத்தேன். சில்லென்று இருந்தது.

"நல்லா அமத்துங்க. ஆ, போதும். இப்ப எடுங்க."

எடுத்தேன். சுவரில் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு அடித்த பச்சைப் பெயின்ட், அதன்மேல் பேத்தி சின்ன வயதில் கிறுக்கிய ஒரு பூ. அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை கையில் டோர்ச் மாதிரி ஒரு சாமான் இருந்தது. அதன் முதுகில் உள்ளங்கை அளவுக்கு ஒரு டீவி. "இப்ப இதுல பாருங்க" என்று என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

என் கை இன்னும் சுவரில் இருந்தது!

ஐந்து விரலும் மஞ்சள் பூசினது போல ஒளிர்ந்தன. விறகுக்கட்டு விழுந்து கோணிப்போன சுண்டுவிரல்கூடக் கோணலாகவே இருந்தது. சுவரைப் பார்த்தேன், வெறும் சுவர். டீவியைப் பார்த்தேன், கை. எதற்கும் இருக்கட்டும் என்று என் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். அது என்னிடம்தான் இருந்தது.

"புள்ள, அது யாரு கை?"

"உங்க கைதான் அம்மாச்சி. உங்க சூட்டை அங்க விட்டுட்டு வந்திருக்கீங்க."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் மெலிந்தன. மஞ்சள் ஊதாவானது. கடைசியில் உள்ளங்கை மட்டும் ஒரு நிலா மாதிரி நின்று, அதுவும் போனது. தொட்ட இடத்தில் எல்லாம் நம்மில் கொஞ்சம் தங்கிவிடுகிறது என்று இத்தனை வயதில் எனக்கு யாரும் காட்டவில்லை.

"அப்பாயி, வாய மூடுங்க. ஈ பூந்துரும்" என்றாள் என் பேத்தி கயல்.

கை மறைந்த பிறகுதான் மற்றதைக் கவனித்தேன். கை இருந்த இடத்துக்கு மேலே, சுவர் முழுவதும் நீலம். ஈரச் சேலையைக் கொடியில் போட்டால் நுனி தொங்குமே, அப்படி உச்சியில் அகலமாகவும் கீழே வரவரக் குறுகியும் தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

அந்த நீலத்துக்காகத்தான் நானும் ரோசலினும் மாதக் கணக்காகப் பேசாமல் இருந்தோம்.

ஒரு நிரை, ஒரு சுவர்

ரோசலின் யார் என்று புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரை நான் வாயால் சொல்ல, கயல் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். முன்னால் சொன்னதை நான் மறந்தாலும் அவள் மறப்பதில்லை. "ரோசலின் அம்மாச்சியப் பத்தி இன்னும் சொல்லவே இல்ல அப்பாயி" என்று இப்போது பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நானும் அவளும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறித்தவர்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஒன்றாகப் போவோம், ஒன்றாகத் திட்டு வாங்குவோம். அவள் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது வெள்ளைச் சேலை, மற்ற நாளில் என்னைப் போலவே தலையில் கூடை, இடுப்பில் படங்கு.

படங்கு தெரியும்தானே? தேயிலைச் செடி முழுக்கப் பனியும் மழையும் நிற்கும். செடிக்குள் நுழைந்து நுழைந்து பறிக்கிறவளுக்கு இடுப்புக்குக் கீழே நனைந்துபோகும். அதனால் கெட்டியான துணியையோ சாக்கையோ பாவாடை மாதிரி சுற்றிக் கட்டிக்கொள்வோம். படங்கில்லாமல் மலைக்குப் போவதும் குடையில்லாமல் மழைக்குப் போவதும் ஒன்று.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்திலும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராதான், ஆளுக்கு ஒற்றை அறை. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். இந்தக் காம்பராவில் வெங்காயம் வதக்கினால் கடைசிக் காம்பராவில் கண் எரியும். ரோசலின் புருசன் விடும் குறட்டைக்கு எங்கள் மாமியார் இங்கிருந்து பதில் சொல்லும். "ஏய் அந்தோணி, லாரிய ஓரமா நிப்பாட்டுப்பா!" என்று கத்தும். குறட்டை நின்றுவிடும். இந்தக் கதையைக் கேட்டு ரோசலின் மருமகன் சிரித்ததே இல்லை. அவரும் குறட்டை விடுகிறவர்.

மழை என்றால் லயத்துத் தகரம் ஒழுகும். சட்டி, வாளி, குழந்தை குளிக்கும் பேசின் எல்லாம் வீடு முழுக்கப் பரப்பி வைப்போம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சத்தம். ஆனால் அது வெளிப்படையான மழை. மேலே ஓட்டை தெரியும், கீழே வாளி தெரியும், ஒளிவு மறைவு கிடையாது.

மண் சரியும் என்று சொல்லி லயத்திலிருந்து எங்களை எழுப்பி, புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். யார் பக்கத்தில் யார் என்று கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை தூக்கினோம். "எனக்கு இவ செவுருதான் வேணும்" என்றேன். "எனக்கும் வேற நாதி இல்ல" என்றாள்.

புது வீட்டில் சீலிங் அடித்திருந்தார்கள். வெள்ளை வெள்ளையாகப் பலகை. குறட்டையும் கேட்காது, வெங்காயமும் மணக்காது. முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பெரிய தொரையின் பங்களாவில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

ஒரே ஒரு குறை. வீட்டின் இரண்டு முனையிலும், சுவரின் உச்சியில், கூரை கூம்பி நிற்கும் இடத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. மேஸ்திரி அடைக்க மறந்துவிட்டார் என்று நினைத்தோம். லயத்தில் பிறந்தவர்களுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. முதல் பனி இறங்கியதும் அந்த வரிசையில் உள்ள எல்லா வீட்டிலும் சாக்கு, துணி, பழைய மெத்தைப் பஞ்சு என்று கிடைத்ததை வைத்து அடைத்தார்கள். எங்கள் வீட்டிலும் அடைத்தோம். வீடு கதகதவென்று ஆனது.

முருகனும் மாதாவும்

நடுச்சுவரில் என் பக்கம் முருகன் படம். அதே சுவரில் அவள் பக்கம் மாதா படம். திட்டம் போட்டு வைத்ததில்லை. இரண்டு பேருக்கும் ஆணி அடிக்கத் தோதான இடம் அதுதான்.

ஒரு கார்த்திகை மாதம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே முருகனுக்கு வேர்த்திருந்தது. மயில் கால் பக்கம் காகிதம் சுருங்கியிருந்தது. படத்தை எடுத்தால், பின்னால் சுவரில் கறுப்புப் பூஞ்சணம். கையில் ஒட்டியது. அடைமழைக் காலத்துப் பழந்துணி மாதிரி வாடை.

மகன் சிவா ஹட்டனில் ஹார்ட்வேர் கடையில் வேலை. சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அந்தப் பக்கம் அவங்க பாத்ரூம் இருக்குதும்மா. அங்கேருந்துதான் ஊறுது."

அந்தப் பக்கம் ரோசலின் வீட்டிலும் இதே கதை. மாதாவின் நீலச் சேலையில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. அவளுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அதே சுவரை ஒட்டித்தான் எங்கள் அடுப்படிக் குழாய்.

முதலில் நல்லபடியாகத்தான் பேசினோம்.

"ரோசலினு, ஒன் பாத்ரூம்ல எங்கயோ கசியுது புள்ள. ஆள வச்சுப் பாரு."

"ஒன் கொழாயப் பாரு மொதல்ல. தொறந்து போட்டுட்டு ஊருக்கே கத சொல்லிக்கிட்டு நிக்கிறவதான நீ."

"நான் கத சொன்னா ஒன் செவுரு ஏன்டி நனையுது?"

"என் மாதாவ நனைச்சிட்டு என்னைய கேள்வி கேக்குறியா?"

"என் முருகனுக்குக் காய்ச்சல் வராதது ஒண்ணுதான் பாக்கி!"

அதற்குமேல் போனதை எழுத வேண்டாம் என்று கயலிடம் சொல்லிவிட்டேன். அந்த வருசம் கிறிஸ்மசுக்கு அவள் வீட்டிலிருந்து கொக்கீஸ் பலகாரம் வரவில்லை. பொங்கலுக்கு நான் பானையை இறக்கிவிட்டு ஒரு தட்டில் எடுத்து வைத்தேன். வைத்த இடத்திலேயே அது ஆறிப்போனது.

பிறகுதான் தெரிந்தது, வலப்பனையில் கட்டிக்கொடுத்த அவள் மகள் வந்து கூட்டிக்கொண்டு போகப்போகிறாள் என்று. "ஈரச் செவுத்தோட தனியா எதுக்கும்மா கெடக்குற, எங்க வீட்டோட வந்துரு" என்றாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகப் பேச்சு. ரோசலின் தகரப்பெட்டியில் சாமான் அடுக்கிவிட்டாள் என்று கயல் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அவள் போவது எனக்குப் பொறுக்கவில்லை. சிவாவோ, ஆபீசில் புகார் கொடுக்கப்போவதாக நின்றான். "புகார் குடுக்கிறதுன்னா சாட்சி வேணும்மா. கடைக்கு வர்ற ஒரு மிஸ் இருக்காங்க. வீடு வாங்குறவங்களுக்கு வீட்டைச் சோதிச்சுச் சொல்றவங்க. கேட்டுப் பாக்குறேன்."

வீட்டைச் சோதிக்கிற ஆளா? ஆஸ்பத்திரியில் மனிதரைச் சோதிப்பார்கள். ஃபெக்டரியில் தேயிலையை வாயில் வைத்துச் சோதிப்பார்கள். வீட்டை என்ன செய்வார்கள், நக்கிப் பார்ப்பார்களா?

ஆனால் உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. தண்ணீர் அவள் பாத்ரூமிலிருந்து வருகிறது என்று ஆனால், கோபித்துக்கொண்டு போவாள். எங்கள் குழாயிலிருந்து என்றால், தலை நிமிர்ந்து போவாள். எப்படிப் பார்த்தாலும் பெட்டி வலப்பனைக்குத்தான்.

பாடும் ஊசி

ரோசலின் மகள் வரும் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, சிவா சொன்ன அந்த மிஸ், நிரோசா, தூறலோடு வந்து இறங்கினாள். கொட்டகலைப் பிள்ளை. தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள், தோளில் ஒரு பை. உள்ளே வந்ததும் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

"தேத்தண்ணி போடவா புள்ள?"

"ஒரு நிமிசம் அம்மாச்சி. மொதல்ல வீட்டு வாசம் புடிச்சுக்கிறேன். தேத்தண்ணி வந்தா அந்த வாசம்தான் வரும்."

அங்கேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

பையிலிருந்து இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாமானை எடுத்தாள். கொசு கடிப்பது மாதிரி சுவரில் குத்தினாள். தரையை ஒட்டிக் குத்தினாள், சத்தமில்லை. இடுப்பு உயரத்தில் குத்தினாள், சத்தமில்லை. குழாய்க்குப் பக்கத்தில் குத்தினாள், அங்கேயும் இல்லை. சிவாவின் முகம் மாறியது. தலைக்கு மேலே குத்தியதும் கீக் கீக் என்றது. இன்னும் மேலே போனாள், சில்வண்டு மாதிரி நிறுத்தாமல் கத்தியது.

"ஈரம் இருந்தா பாடும், காஞ்சிருந்தா பேசாது" என்றாள்.

நானும் குத்திப் பார்க்கிறேன் என்றேன். கொடுத்தாள். வாசற்படியில் குத்தினேன், பலகையில் குத்தினேன், கடைசியில் என் உள்ளங்கையிலேயே மெல்ல வைத்துப் பார்த்தேன். கீக்கென்று கத்தியது. "அம்மாச்சி, நீங்களும் பாதிக்கு மேல தண்ணிதான்" என்று சிரித்தாள். அத்தனை தண்ணீரையும் சுமந்துகொண்டா அந்த மலை ஏறினேன்!

அதற்குப் பிறகுதான் அந்த டீவிச் சாமானும், சுவரில் தங்கிய என் கையும்.

"கொழாயோ பாத்ரூமோ ஒழுகினா, தண்ணி இருக்கிற ஒயரத்துலேருந்து கீழதான் நனையும். இங்க கீழ காஞ்சிருக்கு, மேல நனைஞ்சிருக்கு. இது மேலேருந்து எறங்குது" என்றாள் சிவாவிடம்.

"அப்ப கூரை ஒழுகுதா மிஸ்?"

வெளியே போய் ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். தகரம் புதுசு. ஒரு ஆணித்துளைகூட விலகவில்லை.

"மேலேருந்து வருது, ஆனா மழ இல்ல" என்றாள், தனக்குத்தானே. "அந்தப் பக்கமும் பாக்கணும்."

சிவப்புத் தண்ணீர்

ரோசலின் கதவை அரைவாசி திறந்தாள். நிரோசாவைப் பார்த்தாள், பின்னால் நிற்கிற என்னைப் பார்க்காதது போலப் பார்த்தாள்.

"யாரு அனுப்புனா ஒன்னைய?"

"செவுருதான் அம்மாச்சி அனுப்புச்சு. அதுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டா பாவம்."

ரோசலின் யோசித்தாள். "நீ மட்டும் வா. கூட்டம் வேணாம்."

கூட்டம் என்றது என்னைத்தான். நான் அவள் வாசலில் முருங்கைக் கன்று ஒன்றைப் பார்ப்பது போல நின்றுகொண்டேன். குளிரில் வராத கன்று. வைக்காதே என்று நான்தான் அப்போதே சொன்னேன். ஆனாலும் அது இரண்டு இலை விட்டிருந்தது.

கதவு வழியாக எல்லாம் கேட்டது, கொஞ்சம் தெரியவும் செய்தது. நிரோசா பாத்ரூமில் தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்தாள். ஒரு வாளித் தண்ணீரில் சிவப்புச் சாயத்தைக் கரைத்துத் தரையில் ஊற்றினாள். தண்ணீர் நிற்கும் உயரத்தில் ஒரு கோடு போட்டாள்.

"விடியிற வரைக்கும் இப்படியே கெடக்கட்டும். கசிஞ்சா கோட்டை விட்டு எறங்கிரும், செவப்பு எங்கயாவது தலை காட்டும்."

"அப்ப நான் குளிக்கிறது?"

"இன்னைக்கு ஒரு நாள் மொகம் மட்டும் கழுவிக்கோங்க அம்மாச்சி."

"நாளைக்குப் பூசைக்குப் போகணும் புள்ள!"

"மாதாவுக்காகத்தான பாக்குறோம். கோவிச்சுக்க மாட்டாங்க."

அடுத்து, இரண்டு வீட்டிலும் நடுச்சுவரை ஒட்டின சீலிங் பலகையில் ஆளுக்கொன்றைக் கழற்றினாள். டோர்ச் அடித்துப் பார்த்தாள். போகும்போது மட்டும் ஒன்று கேட்டாள்.

"காலைல நீங்க எப்பவும் என்னா செய்வீங்களோ அதைச் செய்யுங்க. எதையும் மாத்தாதீங்க. அடுப்பு, சுடுதண்ணி, துணி, எல்லாம். வெயில் வாறதுக்கு முன்னாடி வந்துர்றேன்."

அன்று அவள் சிவாவின் சிநேகிதன் வீட்டில் தங்கினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். அந்தப் பக்கம் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. சிவப்பு வந்துவிடக்கூடாது என்று முருகனிடம் கேட்டேன். நம் பக்கம் ஜெயிக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஏணியின் உச்சியில்

விடியும்போது நல்ல பனி. தேயிலை மேல் வெள்ளையாகப் படிந்து, கொழுந்து கருகுகிற பனி. மூச்சு விட்டால் புகை.

நான் எப்போதும் போல அடுப்பை மூட்டினேன். அண்டாவில் சுடுதண்ணீர் வைத்தேன். எல்லாரும் குளிக்கிற வரைக்கும் அது கொதித்துக்கொண்டே இருக்கும், மூடி போடுகிற வழக்கம் இல்லை. தேத்தண்ணிக் கேத்தல் ஒரு பக்கம். நேற்று நனைந்த துணி எல்லாம் அடுப்புக்கு மேலே கொடியில். வெளியே பனியில் எங்கே காயப் போடுவது? லயத்திலும் இப்படித்தான், அம்மா காலத்திலும் இப்படித்தான்.

நிரோசா சொன்ன நேரத்துக்கு வந்தாள். முதலில் ரோசலின் பாத்ரூம். சிவப்புத் தண்ணீர் போட்ட கோட்டில் அப்படியே நின்றது. எங்கும் கசியவில்லை. ரோசலின் வாசலில் வந்து நின்று, சிவா காதில் விழும்படி, "கேட்டுக்கோங்கப்பா" என்றாள். சிவா தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிரோசா எங்கள் குழாயையும் இரண்டு வீட்டுத் தண்ணீரையும் அடைத்துப் பார்த்தாள். தண்ணீர் மீட்டர் அசையவில்லை, குழாயிலும் ஒழுக்கில்லை. நானும், "கேட்டுக்கோங்கப்பா" என்றேன். யாரிடம் என்று சொல்லவில்லை.

எங்கள் சீலிங்கில் முந்தின நாள் பலகை கழற்றிய ஓட்டைக்குக் கீழே ஏணியை வைத்து ஏறினாள் நிரோசா. டோர்ச்சை அடித்தாள். சிரித்தாள்.

"அம்மாச்சி, ஏற முடியுமா உங்களுக்கு?"

"அம்மா, வேணாம்!" என்றான் சிவா.

"போடா. இந்தக் கால் ஏறாத மலையா? ஏணியப் புடி, அது போதும்."

அவள் டோர்ச்சை வாங்கிக்கொண்டு ஏறி, தலையை ஓட்டைக்கு மேலே விட்டேன். கீழே சீலிங், மேலே தகரம், நடுவில் இருட்டு. டோர்ச் வெளிச்சம் தகரத்தில் பட்டது.

எப்படிச் சொல்வேன்! தகரத்தின் அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர்த்துளி. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒட்டாமல், விழாமல், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. காலையில் தேயிலை இலையில் நிற்கும் பனித்துளியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அந்தத் தேயிலை மலையையே யாரோ கவிழ்த்து எங்கள் வீட்டுக்குமேல் மாட்டி வைத்தது போல இருந்தது. வெளிச்சத்தை அசைத்தால் அத்தனையும் கண் சிமிட்டின. வானத்திலிருந்து வராத மழை. விழாமல் அங்கேயே காத்துக்கொண்டிருக்கிற மழை.

ஒரு துளி பக்கத்துத் துளியோடு சேர்ந்தது, கனத்தது, சரிவில் ஓடியது. தகரத்தைத் தாங்குகிற கட்டையில் ஏறி, அதன் வழியே நடந்து, நடுச்சுவரின் தலையில் போய் இறங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. பெரட்டுக்குப் போகிற ஆட்கள் மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"எங்கேருந்து புள்ள இவ்வளவு தண்ணி?" என்று கேட்டேன்.

கீழேயிருந்து நிரோசா சொன்னாள். "உங்க அண்டாவுலேருந்து. கேத்தல்லேருந்து, துணியிலேருந்து, சோத்துப் பானையிலேருந்து. நீங்க விடுற மூச்சுலேருந்து. எல்லா ஆவியும் சீலிங் இடுக்கு வழியா மேல போகுது. வெளிய போக வழியில்ல. பனில சில்லிட்டுக் கெடக்கிற தகரத்துல பட்டதும் தண்ணியாயிருது. கட்டை நடுவுல கொஞ்சம் தாழ்ந்திருக்கு, அதான் நடுச்செவுத்துக்கு வருது."

என் மூச்சா? என் மூச்சு இப்படியா இருக்கும்? இத்தனை அழகாகவா?

அப்போது எனக்கு எதிரே, இருட்டில், ஒரு வெளிச்சம் எழும்பியது. அதன் பின்னால் நரைத்த தலை ஒன்று.

ரோசலின்.

எங்கள் நடுச்சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டிருந்தது. அதற்குமேல் சுவர் இல்லை. லயத்தில் போலவே இரண்டு வீட்டுக்கும் மேலே ஒரே வெளி. இவ்வளவு நாளும் அவள் ஆவியும் என் ஆவியும் இங்கேதான் ஒன்றாக நின்றிருக்கின்றன.

அவளும் அண்ணாந்து பார்த்தாள். வாய் திறந்திருந்தது. நெற்றியில் ஒரு துளி விழுந்தது, துடைக்கவில்லை.

"யேசுவே" என்றாள்.

"முருகா" என்றேன் நான்.

பிறகு அவள்தான், "அழகம்மா, இதுல எது ஒன் மூச்சு, எது என் மூச்சு?" என்றாள்.

"பெருசா இருக்கிறது எல்லாம் ஒன்னோடது. நீதான் ரொம்ப சத்தமா திட்டுன."

சிரிப்பில் அவள் டோர்ச் ஆடியது. கூரை முழுவதும் துளிகள் ஆடின.

இரண்டு படங்கு

"ரெண்டு மொனையிலயும் காத்து ஓட்டை இருக்கணுமே" என்று கீழேயிருந்து நிரோசா கேட்டாள். "வெளிச்சமே தெரியலையா?"

டோர்ச்சைத் திருப்பினோம். என் முனையில் ஒரு துணிச்சுருள். அவள் முனையிலும் ஒன்று.

"எதை வச்சுப்பா அடைச்ச?" என்று சிவாவைக் கேட்டேன்.

"நீங்க குடுத்ததுதாம்மா. உங்க படங்கு."

எதிரிலிருந்து ரோசலின் மெல்லச் சொன்னாள். "எம் மருமகன் அடைச்சதும் என் படங்குதான் புள்ள."

இருவரும் வேலையிலிருந்து நின்றதும் தூர எறிய மனம் வராமல் வைத்திருந்த படங்கு. எங்களை நனையாமல் காத்ததே, வீட்டையும் காக்கும் என்று கொடுத்திருக்கிறோம். அதுவும் சொன்ன வேலையைச் செய்தது. வெளியே இருந்து ஒரு பொட்டுப் பனியை உள்ளே விடவில்லை. உள்ளே இருந்து ஒரு பொட்டு ஆவியை வெளியேயும் விடவில்லை.

சிவா வெளியே போய் இன்னொரு ஏணி வைத்து எங்கள் முனையில் இழுத்தான். படங்கு கனத்து, சொட்டிக்கொண்டு வந்தது. ஓட்டை வழியே காலை வெளிச்சம் ஒரு கம்பி மாதிரி உள்ளே விழுந்தது. பிறகு மறு முனைக்குப் போய் ரோசலினுடையதை இழுத்தான்.

காற்று வந்தது. ஒரு முனையில் நுழைந்து, என் முகத்தைத் தொட்டு, சுவரில்லாத அந்த இடத்தைத் தாண்டி, அவள் முகத்தைத் தொட்டு, மறு முனையால் போனது. தேயிலை வாசம். பனி வாசம். துளிகள் எல்லாம் ஒரு தடவை நடுங்கின.

குளிர் எலும்பில் ஏறியது. ஆனால் இரண்டு பேருக்கும் இறங்க மனமில்லை.

"நிரோசாப் புள்ள ஏணிய ஒனக்குத் தரலையே" என்றேன். திடீரென்று அப்போதுதான் எனக்குப் பட்டது. "எதுலடி ஏறி நிக்கிற?"

"மேச மேல."

"மேச இவ்வளவு ஒயரம் இல்லையே?"

ரோசலின் ஒரு துளியைப் பார்த்தாள்.

"மேச மேல பெட்டிய வச்சு" என்றாள்.

"எந்தப் பெட்டி?"

"எங்கிட்ட எத்தன பெட்டி இருக்கு? அதுதான்."

வலப்பனைக்கு அடுக்கி வைத்த பெட்டி. அவள் சேலை, ஜெபமாலை, மாதா படம், எல்லாம் அதற்குள்ளே. அதன்மேல் நின்றுதான் அவள் என்னை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து எறங்கு" என்றேன். "எறங்கி, அதப் பிரிச்சு மாதாவ வெளிய எடு. செவுரு காயட்டும், அதே ஆணியில மாட்டிரலாம்."

"மக மத்தியானம் வருவாளே?"

"வரட்டும். சோறு வைக்கிறேன். கூட்டிட்டுப் போக வந்தவள ஒரு வாரம் இங்க இருக்கச் சொல்லு."

ரோசலின் தலை கீழே இறங்கத் தொடங்கியது. பாதியில் நின்று, மறுபடி மேலே வந்தது.

"அழகம்மா."

"என்னாடி?"

"அண்டாவுக்கு ஒரு மூடியப் போடு."